முதுகு காட்டி நிற்கும் மீன்காரன்

பாத்திரக்கடைக்காரரின் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய் ஆறு நாளாகிவிட்டது. சண்டை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் அவர், தங்கைக்கு உடம்பு சரியில்லை, ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்றார். அந்தத் தங்கையோ தினமும் காலையில் அவர் கடை வாசல் வழியாகத்தான், கல்லைத் தின்றாலும் செரிக்கிற தெம்போடு, அருங்காட்சியகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் கண் இருந்தது. ஆனாலும் ஒருத்தரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கடைத்தெருவில் இதற்குப் பெயர் நாகரிகம்.

நடந்தது இவ்வளவுதான். மூடி போட்ட பெரிய குண்டான் ஒன்றுக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். நரைத்த மீசை, நிதானமான ஆள். முக்கால் மணி நேரம் பேரம் நடந்தது. குண்டானை இரண்டு முறை கீழே வைத்து மூன்று முறை கையில் எடுத்திருந்தார் அவர். அது கனிந்து விழுகிற நேரம் என்று தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து, கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி, பாவம் கால் வலிக்க நிற்கிறார், கேட்ட விலைக்கே கொடுத்தனுப்புங்கள் என்று சொல்லிவிட்டாள். முக்கால் மணி நேர உழைப்பு பொத்தென்று கீழே விழுந்தது. கடைக்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"கடைப்பேச்சு தெரியாதவங்க வீட்டுப்பேச்சோட நிறுத்திக்கணும்."

வாடிக்கையாளர் எதிரிலேயே சொன்னார். இத்தனைக்கும் அவள் மூன்று மாடித் துணிக்கடைக்காரரின் மூத்த மகள். பத்து வயசில் முக்காலி போட்டு ஏறி நின்று துணி அளந்து கிழித்துக் கொடுத்தவள். கல்லாவைப் பூட்டினாள், சாவியை மேலே வைத்தாள், கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கல்லாவிலிருந்து வாசலுக்குப் பதினோரு எட்டு. கடைக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு, எந்த மூடி எந்தப் பாத்திரத்துக்கு என்று பொருத்திப் பார்ப்பதில் மும்முரமானார். வாடிக்கையாளர் குண்டானையும் கைக்கு வந்த ஒரு மூடியையும் வாங்கிக்கொண்டு போனார்.

அவள் வெள்ளெழுத்துக் கண்ணாடியைச் சாவிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குப் பாதி நிம்மதி. அந்தக் கண்ணாடி இல்லாமல் அவளால் ஊசியில் நூல் கோக்க முடியாது, போனில் வந்த செய்தியைப் படிக்க முடியாது, மருந்துச்சீட்டுக்கும் மளிகைச்சீட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பிணைப்பொருள் தன்னிடம் இருக்கிறது, இரண்டே நாளில் மீட்டுக்கொள்ள வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். கண்ணாடியைக் கூட்டோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் நான்காகி, நான்கு ஆறானது. அவர் ரொட்டியும் முட்டையுமாகச் சாப்பிட்டு, முட்டையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்.

போன் பண்ணலாம்தான். ஆனால் முதலில் யார் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் விலை குறைவு. அதை அவருக்குத் தகப்பன் சொல்லித் தந்தார், அவளுக்கு அவள் தகப்பன். இரண்டு கடையில் வளர்ந்த இரண்டு பேர் ஒரு கூரைக்குள் குடும்பம் நடத்தினால் இதுதான் வம்பு. இருவருமே எதிராளி முதலில் பேசட்டும் என்று காத்திருப்பார்கள்.

ஆறாம் நாள் மத்தியானம் மச்சினி கடைக்குள் வந்தாள். அருங்காட்சியகத்தில் ஓவியங்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. யாரோ ஒரு பணக்காரர் வீட்டிலிருந்து பழைய கடற்கரைப் படம் ஒன்று நன்கொடையாக வந்திருக்கிறதாம். வரும் வாரம் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதில் ஒரு பாத்திரம் இருக்கிறது, என்னவென்று உறுதியாகத் தெரியவில்லை, அத்தான் வந்து பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும் என்றாள். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரும் கேட்கவில்லை. இது தூண்டில் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, கண்ணாடிக் கூட்டைப் பழைய சட்டைப்பையிலிருந்து புதிய சட்டைப்பைக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

படம் இரண்டாவது மாடியில், நீண்ட கூடத்தின் கடைசிச் சுவரில் இருந்தது. இரு கைகளையும் விரித்தால் எட்டும் அகலம். முன்னால் தரையில் ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில், நடந்தால் கிறீச்சிடும் பூட்ஸோடு ஒரு காவலாளி. கடைக்காரர் பழக்கதோஷத்தில் முதலில் விலை கேட்டார். விற்பனைக்கு இல்லை என்று மச்சினி சொன்னதும், எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோலத் தலையாட்டினார்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ குளிர்தேசத்துக் கடலோரத்தில் வரைந்தது என்றாள் மச்சினி. அந்தக் காலத்து ஓவியர்களுக்குப் புயல், இடிந்த கோபுரம், தனிமை என்றால் உயிராம். இயற்கையை மலைபோல வரைவார்கள், மனிதனை எறும்புபோல வைப்பார்கள். இந்தப் படத்திலும் பாதிக்கு மேல் வானம்தான். கரும் மேகங்கள் ஒரு பக்கமாகத் திரண்டு போகின்றன. மேகத்தின் ஓட்டை வழியாக ஒரு மஞ்சள் வெளிச்சம் ஈரமணலில் விழுந்திருக்கிறது. ஒரு செங்குத்துப் பாறை, அதன் தலையில் இடிந்த கோபுரம். கீழே கரையேற்றிய ஒரு படகு. படகின் பக்கத்தில் நீண்ட கோட்டு போட்ட ஆண் ஒருவன், நமக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்கிறான். இடது ஓரத்தில் ஒரு பெண், இடுப்பில் கூடையோடு, அவனை விட்டு நடந்து போகிறாள். நடுவில் ஒரு நாய்.

பாதி சரக்கை வானமாகவே போட்டு ஒப்பேற்றியிருக்கிறாரே என்றார் கடைக்காரர். வானம் வரைவதுதான் கஷ்டம் என்றாள் மச்சினி. விற்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள் என்றார் அவர்.

அவள் தன் குறிப்பை எடுத்துப் படித்துக் காட்டினாள். தலைப்பு 'பிரிவு'. உலகைத் துறந்த ஆண் முடிவின்மையைப் பார்த்து நிற்கிறான், நம்பிக்கை இழந்த பெண் இருளுக்குள் விலகுகிறாள், படகின் நிழலில் அணைந்துபோன விளக்கு, அதிலிருந்து எழும் மூன்று இழைப் புகை, அவர்கள் காதலின் கடைசி மூச்சு. படித்து முடித்துவிட்டு, அந்த விளக்கு என்ன உலோகம் என்பதில்தான் சந்தேகம், பித்தளையா செம்பா என்றாள்.

கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். பொத்தல் இருக்கிறதா என்று பாத்திரம் பார்க்கிற குனிவு அது. மூக்கு கோட்டைத் தாண்டியது. பூட்ஸ் கிறீச்சிட்டது. மச்சினி கண்ணைக் காட்ட, காவலாளி மனசில்லாமல் தன் டார்ச் விளக்கைக் கொடுத்தார். கடைக்காரர் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து நெடுநேரம் பார்த்தார்.

"இது விளக்கில்ல பாப்பா. தராசுத் தட்டு."

மச்சினி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டினார். புகையென்றால் இந்தக் காற்றுக்கு இப்படி நூல் பிடித்ததுபோல நிற்குமா? மேகம் அந்தப் பக்கம் ஓடுகிறது, அந்த ஆளின் கோட்டு நுனி அந்தப் பக்கம் பறக்கிறது, இந்தப் புகைக்கு மட்டும் காற்று விலக்கா? மூன்று கோடும் விளிம்பில் மூன்று இடத்தில் கிளம்பி மேலே ஒரே புள்ளியில் சேர்கிறது. அது கயிறு. தட்டு மணலில் உட்காரவும் இல்லை. அதன் நிழல் கீழே தனியாக விழுந்திருக்கிறது பார், விரற்கடை உயரத்தில் தொங்குகிறது. படகிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பில் தராசை மாட்டியிருக்கிறான். இன்னொரு தட்டு படகு மறைவில் இருக்கும். உலோகம் செம்பு, ஓரத்தில் ஒரு நெளிசல்கூட உண்டு.

மச்சினி டார்ச்சை வாங்கித் தானே பார்த்தாள். இத்தனை வருஷம் எத்தனையோ படித்தவர்கள் இதை விளக்கு என்றே எழுதிவைத்திருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். அவர்கள் யாருக்கும் தராசு பிடிக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது என்றார் கடைக்காரர் பெருந்தன்மையோடு.

தராசு என்று தெரிந்த பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தராசு இருந்தால் சரக்கு இருக்க வேண்டும். இதோ, கடற்பாசி என்று நினைத்த குவியலுக்குள் வால்கள், ஈரப்பாசி போட்டு மூடிய மீன். சரக்கு இருந்தால் வாங்குகிறவர் இருக்க வேண்டும். இதோ, கூடையோடு ஒருத்தி, கூடை இடுப்பில் சாய்ந்து கிடக்கிற சாய்வே சொல்கிறது அது காலி என்று. நாயைப் பார், கடலையும் பார்க்கவில்லை, முடிவின்மையையும் பார்க்கவில்லை, மீனைப் பார்க்கிறது. படத்திலேயே உள்ளதை உள்ளபடி காட்டிக்கொள்வது அந்த நாய் ஒன்றுதான்.

"அப்போ பிரிவு?" என்றாள் மச்சினி.

"பிரிவுமில்ல ஒண்ணுமில்ல. பேரம். அந்தம்மா விலை படியலன்னு நடக்குறாங்க. இவரு வேணாம்னா போங்கன்னு கடலைப் பாக்குறாரு."

காவலாளி தன் கடமையை மறந்து இரண்டு அடி கிட்டே வந்தார். கடைக்காரர் இப்போது மணலுக்கு வந்துவிட்டிருந்தார். ஈரமணலில் அந்தப் பெண்ணின் காலடித் தடங்களை ஓவியர் ஒன்று விடாமல் வைத்திருந்தார். மொத்தம் ஏழு. படகை ஒட்டி முதல் மூன்றும் அகல அகலமாக, கோபத்தோடு விழுந்திருந்தன. நாலாவதிலிருந்து நெருங்கின. ஆறாவதும் ஏழாவதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. வேகம் குறைகிறது பார், காதைத் தீட்டிக்கொண்டு நடக்கிறாள் என்றார். அவனையும் விடவில்லை. உடம்பு கடலைப் பார்க்கிறது, சரி, ஆனால் தலை ஒரு நூல் இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது, மஞ்சள் வெளிச்சம் அவன் இடது காதில் பட்டிருக்கிறது. கண்ணைத்தான் கடலுக்கு அனுப்பியிருக்கிறான், காது கடையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

மச்சினி கைகட்டிக்கொண்டு கேட்டாள், மாணவி வாத்தியாரைக் கேட்கிற பவ்யத்தில்:

"இதுல யார் அத்தான் முதல்ல கூப்பிடணும்?"

"இது தெரியாதா? கடைக்காரன்தான். நடக்கிறவங்க வேகத்தைக் குறைக்கலாம், மிஞ்சிப்போனா நிக்கலாம். கூப்பிடாம திரும்பி வரமுடியாது, மானம் போயிடும். வேகம் குறைஞ்சாலே அர்த்தம், கூப்பிடுங்கிறதுதான். அதுக்கு மேல அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்."

சொல்லி முடித்ததும் அவருக்குத் தன் கடைக் கரண்டிகள் ஞாபகம் வந்தன.

அவர் கடையில் வாசலுக்கு நாலு எட்டு இருக்கும்போது, தோள் உயரத்தில் கரண்டிகள் கொத்தாகத் தொங்கும். யார் கடந்தாலும் தோளில் இடித்து ஒருதரம் கிணுகிணுக்கும். அன்றைக்கு மூடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கரண்டிகள் ஒருதரம் கிணுங்கின. ஓய்ந்தன. பிறகு இன்னொருதரம் கிணுங்கின. கடந்து போகிறவர்களுக்கு இரண்டாவது கிணுங்கல் கிடையாது. நின்று திரும்பிப் பார்க்கிறவர்களுக்குத்தான் உண்டு. அதை அவர் காது அன்றே கேட்டது. ஒன்றுக்கு மூன்று மூடியை ஒரே வாணலியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினி ஒன்றும் தெரியாதவள்போலக் குறிப்பைப் பார்த்தாள். "உலகத்தைத் துறந்தவன்னு எழுதியிருக்கேன். மாத்திடட்டுமா? வீம்புக்காரன்னு போட்டுடவா?"

அவர் பேச்சை மாற்றக் காவலாளியிடம் டார்ச்சைக் கொடுத்தார். காவலாளி வாங்கிக்கொண்டு, நேற்றுகூட ஒரு அம்மா வந்து இந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றார். ஆனால் கிட்டேயே வரவில்லையாம். அதோ அந்தக் கோடியில், கூடத்தின் வாசற்படியில் நின்றே பார்த்தார்களாம். குறிப்பைக்கூடத் தன்னைத்தான் சத்தமாகப் படிக்கச் சொன்னார்களாம், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று.

கடைக்காரரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அந்த அம்மா படத்தைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று கேட்டார். காவலாளி மச்சினியைப் பார்த்தார். மச்சினி கூரையைப் பார்த்தாள். அவளும் அதே துணிக்கடைக்காரரின் மகள்தானே. சும்மா எதுவும் தரமாட்டாள். அவள் எதிர்பார்க்கும் விலை என்னவென்று அவருக்குத் தெரிந்தது. ஆறு நாளாக அந்தக் கேள்வியைத்தான் அவர் பூட்டிவைத்திருந்தார்.

"உங்க அக்கா எப்படி இருக்கா?"

மச்சினி உடனே கொடுத்தாள், நிறையவே கொடுத்தாள். அக்கா சரியாகத் தூங்குவதில்லை. வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் இறக்கி, அளவு வாரியாக அடுக்கி, மூடிகளைத் தனி வரிசையாக வைத்திருக்கிறாள், இப்போது எதற்கு எது மூடி என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை. ரொட்டிப் பாக்கெட்டில் தேதியைப் படித்துச் சொல்ல தினமும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. நேற்று இந்தப் படத்தின் முன்னால் கூட்டிவந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கவனித்தாளாம். அது என்னவென்று இங்கே நின்றால் தெரியாது, அவள் நின்ற இடத்தில் போய் நிற்க வேண்டும்.

கடைக்காரர் கூடத்தின் நீளம் நடந்து வாசற்படியில் நின்று திரும்பினார்.

அவ்வளவு தூரத்தில் காலடித் தடங்கள் இல்லை. தராசுத் தட்டும் இல்லை, காதும் இல்லை. வானமும் கடலும் பாறையும் சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கரைந்திருந்தன. அந்தச் சாம்பலுக்கு நடுவில், படகின் விளிம்பில், ஒரே ஒரு சிவப்பு. கிட்டே நின்று பார்த்தபோது அதை மீன் துடைக்கிற கந்தல் என்று தள்ளிவிட்டிருந்தார். இங்கிருந்து பார்த்தால் அது ஒரு சால்வை. அந்தப் பெண்ணின் தோளோ வெறுந்தோள். அந்தக் குளிரில், அந்தக் காற்றில், சால்வையை மடிப்புக் கலையாமல் படகில் போட்டுவிட்டுப் போகிறாள். நாலு ஜாண் தூரத்தில் அது கிடக்க, அந்த மடையன் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மச்சினி பக்கத்தில் வந்து நின்றாள். அக்கா சொன்னதை அக்கா குரலிலேயே சொன்னாள்:

"விட்டுட்டுப் போனதை எடுக்க அவளே வருவாள்னு நினைச்சுட்டு நிக்கிறான் பாரு. கொண்டுவந்து குடுக்கட்டும்னுதான் அவ விட்டுட்டே போயிருக்கா."

கடைக்காரர் போனை எடுத்தார். கூடத்துக்குள் போன் பேசக்கூடாது என்று காவலாளி விதியைச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் அவர் அந்த விதியோடும் பேரம் பேசியிருப்பார். இன்றைக்கு மறுபேச்சில்லாமல் மாடிப்படிக்குப் போனார். மணி இரண்டுதரம் அடிப்பதற்குள் மறுமுனை எடுத்தது. எடுத்தது, ஆனால் பேசவில்லை.

"நான்தான். கண்ணாடி என்கிட்ட இருக்கு. கொண்டுவரவா?"

"ஆறு நாளாவா இருக்கு?"

"பையிலேயே இருக்கு."

பிறகு அவள் தன் நிபந்தனையைச் சொன்னாள். யார் எதிரில் அந்தப் பேச்சைப் பேசினாரோ, அதே ஆள் எதிரில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆளை எங்கே போய்த் தேடுவது என்றார் அவர். தேட வேண்டாம், வெள்ளிக்கிழமை அவரே வருவார், நீங்கள் பொருத்திக் கொடுத்த மூடி அந்தக் குண்டானுக்குச் சேரவில்லையாம், ரசீதில் இருக்கிற என் நம்பருக்குப் போன் பண்ணினார் என்றாள் அவள். கடைக்காரர் சரி என்றார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்ட விலைக்கு அப்படியே சரி சொன்னது அதுதான் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருந்தது.

விளக்கக் குறிப்பு மாறியது. மேலதிகாரிகள் பேரத்தை ஒத்துக்கொள்ளவில்லை, முடிவின்மையை விட அவர்களுக்கு மனசு வரவில்லை. ஆனால் தராசுத் தட்டை ஒத்துக்கொண்டார்கள். காவலாளி மட்டும் வருகிறவர்களுக்கெல்லாம், குறிப்பில் இல்லாத ஏழு காலடியையும் டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமை நரைமீசைக்காரர் மூடியோடு வந்தார். மனைவி கல்லாவில், கண்ணாடி மூக்கில். கடைக்காரர் சரியான மூடியை எடுத்துக் கொடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்குத் தான் சொன்னது தப்பு, கடைப்பேச்சு தன்னைவிட வீட்டுக்காரிக்கு நன்றாகவே தெரியும் என்றார். நரைமீசை கவனமாகக் கேட்டது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தது. இவ்வளவு தூரம் இரண்டாம்தரம் அலையவிட்டதற்கு ஒரு கரண்டி சும்மா கொடுத்தால் என்ன என்றது.

கொடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தார் கடைக்காரர்.

"கரண்டி சும்மா வராதுங்க. பாதி விலைக்கு வேணும்னா தரேன்," என்றாள் மனைவி, தலையைத் தூக்காமல்.

நரைமீசை மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அப்படியானால் வேண்டாம் என்று வாசலைப் பார்த்து நடந்தது. கடைக்காரர் சட்டென்று முதுகைத் திருப்பி மூடிகளைப் பொருத்த ஆரம்பித்தார். கரண்டிகள் ஒருதரம் கிணுங்கின. ஓய்ந்தன.

அவர் மெதுவாகக் கல்லாப் பக்கம் சாய்ந்து கேட்டார். "கூப்பிடவா?"

"இருங்க," என்றாள் அவள், கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டே. "இன்னொருதரம் கிணுங்கட்டும்."